பார்க்காமல் போடச் சொன்ன ஊசி

இதயநோய்த் தடுப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை உங்களுக்குப் படிக்கக் கொடுத்திருப்பார்கள். என்ன செய்தோம், என்ன கண்டோம் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. நான் செய்த பெரிய தவறு எதிலும் இல்லை. அதை எழுத ஆராய்ச்சிக் கட்டுரையில் இடம் கிடையாது. ஓய்வுபெற்றுவிட்ட எனக்கு இப்போது நேரமும் இருக்கிறது, எழுத இடமும் கிடைத்திருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சிதம்பரத்தில் மேற்படிப்பு படித்த நாட்களில் வார்டுக்கு வரும் இளம்பெண்களைப் பார்த்துத்தான் நான் தடுப்பு வேலைக்கு வந்தேன். எல்லாரும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். நாலு படி ஏற முடியாது, மல்லாந்து படுக்க முடியாது. எட்டு வயதிலோ பத்து வயதிலோ தொண்டைப் புண் வந்து, அப்புறம் காய்ச்சல் வந்து, முட்டியெல்லாம் வீங்கித் தானாகவே சரியாகிப் போயிருக்கும். போகும்போது இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். அது யாருக்கும் தெரிந்திருக்காது. கர்ப்பமாகி மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும். அவர்களை அறுவைச் சிகிச்சைக்கு எழுதி அனுப்பும்போதெல்லாம், இந்தப் பெண்ணைப் பத்து வயதில் யாராவது பார்த்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

அப்போது பார்த்திருந்தால் செய்ய வேண்டிய வேலை சிறியது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்துதான் வால்வைச் சுருக்குகிறது. ஊசி தவறாமல் விழுந்தால் காய்ச்சல் திரும்பி வராது. வேலை சிறியதுதான், ஆனால் வருடக்கணக்காக விடாமல் செய்ய வேண்டும்.

கடலூரில் ஒரு சிறிய தொண்டு மருத்துவமனையில் சேர்ந்து, இந்த ஊசிக்கென்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, சந்தேகமாக இருந்தவர்களை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒரு பதிவேடு தயாரித்தோம். பெண்ணாடம் பக்கத்துக் கரும்பு ஊர்களிலிருந்து குமராட்சிப் பக்கத்து நடவு ஊர்கள் வரைக்கும் அந்தப் பதிவேட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்து ஊர்களுக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை முகாம் போவோம்.

ஊசி போடுவதற்கு ஒரு செவிலியர் இருந்தார். கடலூரை அடுத்த ஒரு மீனவக் கிராமத்துக்காரர். அவர் குடும்பத்தில் முதலில் படித்து வேலைக்கு வந்தவர். என்னைவிட இரண்டு வயது சிறியவர். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சிஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் வருடம் குமராட்சிப் பக்கம் முகாம் படுத்துவிட்டது. நடவுக் காலத்தில் பாதிப் பேர் வரவில்லை. தாய்மார்களுக்கு நோயின் ஆபத்து புரியவில்லை என்று முடிவு கட்டி, விளக்கிச் சொல்லப் படம் போட்ட அட்டைகள் அச்சடிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். சிஸ்டர் மாதிரி அட்டையைப் பார்த்துவிட்டு, “நடவு நேரத்துல காலையில ஒம்போது மணிக்கு யாரு மேடம் வருவா? ரெண்டு மணிக்கு மேல வைங்க, கரையேறி வந்துருவாங்க” என்றார். இரண்டு மணிக்கு வைத்தோம். வந்தார்கள். அதிலிருந்து எந்த ஊரில் எந்த நேரம் என்பதை அவர்தான் முடிவு செய்தார். நான் அவர் பேச்சைக் கேட்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. கேட்பதில் எனக்குச் சிரமம் இல்லாத விஷயங்களில்தான் கேட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

எட்டாவது வருடம், ஐப்பசி. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி, குமராட்சிப் பக்கத்து ஊர்களுக்குள் வண்டி போக முடியாமல் ஒரு முகாம் ரத்தாகிவிட்டது. அடுத்த முகாமுக்கு, வழக்கமாக விட்டுவிட்டு வருகிறவர்களும் சேர்ந்து, இரண்டு மடங்கு கூட்டம். எல்லாருக்குமே ஊசி மூன்று வாரம் தள்ளிப்போயிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகளில் முகாம். ஓர் அறையில் நான் புதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவில் நீள வரிசை. இருட்டுவதற்குள் இன்னோர் ஊரையும் முடித்துவிட வேண்டும் என்று நான் முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வரிசையில் ரேவதி நின்றாள். வயது பத்தொன்பது. சிதம்பரத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் இருந்தவர்களில் வால்வு மிகவும் சுருங்கியிருந்த சிலரில் ஒருத்தி. படிப்பு முடிந்ததும் வால்வை விரிக்கும் சிகிச்சைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அவளை நான் எக்கோ எடுத்துப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

சிஸ்டர் என் மேசைக்கு வந்து நின்றார். என் காதில் குழாய் இருந்தது. எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தேன்.

“மேடம், ரேவதி ஒரு மாதிரியா இருக்கு. நீங்க ஒரு தரம் பார்த்துட்டா போட்டுருவேன்.”

“என்ன மாதிரி?”

“சொல்லத் தெரியல. முகம் சரியில்ல.”

“சாப்பிடாம வந்திருப்பா. போட்டுடுங்க சிஸ்டர், ஏற்கெனவே மூணு வாரம் ஜாஸ்தி ஆயிடுச்சு.”

அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு போனார். ஊசி போட்டார்.

ரேவதி பெஞ்சிலிருந்து எழுந்து கதவு வரை நடந்திருக்கிறாள். தலை சுற்றுகிறது என்று சொல்லிக் கீழே உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடினேன். உடம்பெல்லாம் வேர்த்து, வெளுத்து, சில்லிட்டிருந்தது. நாடி மிக மெதுவாக ஓடிப் பிறகு காணாமல் போனது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போனால் உடனே கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுத்தோம். நெஞ்சை அழுத்தினோம். ஆம்புலன்ஸ் வரும்வரையிலும், சிதம்பரம் போகும் வழி முழுக்கவும், நானும் சிஸ்டரும் மாறி மாறி அழுத்திக்கொண்டே இருந்தோம். அங்கே பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மரணக் குறிப்பை நான்தான் எழுதினேன். பென்சிலின் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர், “உடம்புல ஒரு தடிப்பு கூட இல்லையே மேடம்” என்றார். காதில் விழுந்தது. எழுதியதை நான் மாற்றவில்லை.

அடுத்த நாள் காலையில் ரேவதியின் தாய்மாமனும் ஊர்க்காரர்களும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் யாரோ செல்போனில் எடுத்த படம் ஊருக்கு ஊர் போய்விட்டது. அதில் ரேவதி தரையில் கிடக்கிறாள், சிஸ்டர் கையில் சிரிஞ்சு இருக்கிறது. நான் அந்தப் படத்தில் இல்லை. ஊசி போட்டது யார் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள், போடச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. மருத்துவமனை நிர்வாகம் விசாரணை முடியும்வரை சிஸ்டரைப் பணியிடை நீக்கம் செய்து வைத்தது. அவருடைய கிராமத்துக்கும் அந்தப் படம் போனது. அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் என்ன கேட்டார்கள் என்பதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை, வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் தனியார் கிளினிக் வைத்திருந்தவர்களும் பென்சிலின் ஊசி என்றாலே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். பதிவேட்டில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஊசி நின்றுபோனது.

அந்தச் சில வாரங்களில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வருத்தப்பட்டேன், தூக்கம் இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வாமை என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். யார் போட்டாலும், எப்படிப் போட்டாலும் அது நடந்திருக்கும் என்று அந்த வார்த்தை சொன்னது. எனக்கு அது தேவைப்பட்டது.

என்னை அதிலிருந்து பிடுங்கியது கலைவாணி. ஒன்பது வயது. அவள் அப்பா பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். நான்கு வருடமாக ஊசி போட்டு வந்த பிள்ளை, வால்வில் லேசான கசிவு மட்டும்தான் இருந்தது. அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலூருக்கு வந்தார். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன, காய்ச்சல் கொதித்தது. மூன்று ஊசி தவறியிருந்தது. நெஞ்சில் குழாயை வைத்தேன். நான்கு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம் அங்கே இல்லை. வேறு சத்தம், பெரிய சத்தம்.

அவள் அப்பா கோபப்படவில்லை. “ஊசி போட்டா செத்துருவான்னாங்க டாக்டரம்மா. போடலன்னா இப்புடி ஆவும்னு யாரும் வந்து சொல்லலையே” என்றார்.

கலைவாணியை வார்டில் சேர்த்துவிட்டு, அதுவரை நான் கேட்டு வாங்காமல் இருந்த பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஒவ்வாமையில் வரும் தொண்டை வீக்கம் இல்லை. நுரையீரல் இரண்டிலும் நீர். அது ஊசி போட்ட சில நிமிடத்தில் சேர்ந்த நீராக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தோன்றுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதற்கு முந்தின நாட்களில் ரேவதி எப்படி இருந்தாள் என்பது ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

அவள் அம்மா அஞ்சலையைப் பார்க்கப் போக வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள். வக்கீல் சொன்னார், நிர்வாகம் சொன்னது, என் கணவரும் சொன்னார். நான் சிஸ்டருக்கு போன் செய்து, போகிறேன் என்று மட்டும் சொன்னேன். நானும் வருகிறேன் என்றார். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் சந்தித்து, மினிபஸ் பிடித்துப் போனோம். 

வாசலில் தாய்மாமன் நின்றார். டிராக்டர் ஓட்டுகிறவர், நல்ல உயரம். “இன்னாத்துக்கு வந்த? கையெழுத்து வாங்கவா?” என்று என்னைக் கேட்டார். எதிலும் கையெழுத்து வேண்டாம், ரேவதிக்குக் கடைசி வாரம் உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டுப் போக வந்தேன் என்றேன். அவர் வழியை விடவில்லை. உள்ளே இருந்து அஞ்சலை, “வுடு, கேக்கட்டும்” என்றாள்.

அஞ்சலை நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். புருஷன் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. எங்களை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே கேட்டேன். நின்றபடியே சொன்னாள்.

“நாலு நாளா படுக்கவே இல்ல. செவுத்துல சாஞ்சி உக்காந்துனே இருந்தா. படுத்தா மூச்சு முட்டுதுன்னா. ஆஸ்பத்திரிக்கு வாடின்னேன். போனா சேத்துக்குவாங்க, பரிச்ச போயிரும்னா. நானும் வுட்டுட்டேன்.”

“முகாமுல சொல்லலையா?”

“நீ கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பா. என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா.”

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிற நிலை என்றால், வால்வு சுருங்கிய இதயம் தோற்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நீங்களும் முதல் வருடத்திலேயே படித்ததுதான். அப்படிப்பட்ட உடம்போடு, பசியோடு, பயத்தோடு, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, அந்தக் கெட்டி மருந்தின் வலியையும் தாங்கினால், மற்றவர்களுக்கு மயக்கம் வரும், தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுவார்கள். ரேவதியின் இதயத்துக்கு அந்த ஒரு மயக்கத்தைத் தாங்கும் தெம்பு இல்லை. மருந்து அவளைக் கொல்லவில்லை. அன்று அவளுக்கு ஊசியே போட்டிருக்கக் கூடாது. நெஞ்சில் ஒரு நிமிடம் குழாயை வைத்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும்.

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் இதை சிஸ்டரிடம் சொன்னேன். “எனக்கு அன்னைக்கே தோணுச்சு மேடம்” என்று மட்டும் சொன்னார்.

இயக்குநரிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல. அந்தத் திட்டத்துக்காக எத்தனையோ பேரிடம் போய் நின்றவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, நிதானமாகப் பேசினார். ஒவ்வாமை என்றால் அது யாருடைய குற்றமும் இல்லை, சிஸ்டரும் கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பிவிடுவார், நீங்களும் தப்புவீர்கள், பிள்ளைகளுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுக்கலாம் என்றார்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் நடக்காத காரியம். காலையும் மாலையும் மாத்திரை, பத்து வருடத்துக்கு, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத ஒரு பிள்ளைக்கு. எந்த வீட்டிலும் இரண்டு மாதத்துக்கு மேல் நடக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஊசி ஆபத்தானது என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கும்வரை, அந்தப் பக்கத்தில் எந்தத் தாயும் பிள்ளையை ஊசிக்குக் கொண்டுவர மாட்டாள். ஊசியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குற்றம் என் மேல் வர வேண்டும். வேறு வழி இல்லை. நானும் மூன்று நாள் வேறு வழி தேடினேன்.

நான்காம் நாள் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். செவிலியர் தயங்கினார், என்னைப் பார்க்கச் சொன்னார், நான் பார்க்காமலே போடச் சொன்னேன், நோயாளி இதயம் தோற்கும் நிலையில் இருந்தார், என்னுடைய முதல் குறிப்பு தவறு. இவ்வளவுதான். ஒரு பிரதியை இயக்குநருக்கும், ஒன்றை விசாரித்துக்கொண்டிருந்த காவல் நிலையத்துக்கும், ஒன்றை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்பினேன்.  

கடிதம் மட்டும் போதாது. படம் போன ஊருக்கெல்லாம் கடிதம் போகாது. அதே பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களைக் கூடச் சொன்னேன். பதிவேட்டில் இருந்த பிள்ளைகளின் அப்பா, அம்மாக்கள் வந்தார்கள். கலைவாணியின் அப்பா அவ்வளவு தூரத்திலிருந்து வந்து பின்னால் நின்றார். தாய்மாமன் முன்னால் உட்கார்ந்தார். அஞ்சலை வாசல் பக்கம் நின்றாள்.

நடந்ததைக் கடிதத்தில் எழுதியபடியே சொன்னேன். சிஸ்டர் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். முடித்ததும் தாய்மாமன் எழுந்தார்.

“அப்ப நீதான் கொன்ன.”

நான் பதில் தயார் செய்துகொண்டு போகவில்லை. “நான் பார்த்திருந்தா ஊசி போட்டிருக்க மாட்டோம். நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். எத்தனை நாள் இருந்திருப்பான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்குச் செத்திருக்க மாட்டா” என்றேன்.

அவர் என்னை அடித்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அடிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.  அப்புறம் அஞ்சலை வாசலிலிருந்து பேசினாள். என்னைப் பார்த்து அல்ல, கூட்டத்தைப் பார்த்து.

“ஊசியில சாவல. நாலு நாளா அவளுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு, எனக்குத் தெரியும். உங்க புள்ளைங்களுக்குப் போட்டுக்குங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஆனா அஞ்சலை மன்னிச்சிட்டான்னு மட்டும் எங்கயும் எழுதிக்காத.”

எழுதவில்லை. இப்போதும் எழுதவில்லை. அவள் மன்னிக்கவில்லை.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. என்னைத் திட்டத்தின் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கண்டிப்புக் கடிதம் ஒன்று என் கோப்பில் சேர்ந்தது, இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கும். சிஸ்டரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். என்னிடம் படித்த ஒரு இளைய மருத்துவர் திட்டத்தை ஏற்றார். பழைய ஊர்களுக்கு அவரோடு சாதாரண மருத்துவராக நானும் போவேன் என்று கேட்டு வாங்கினேன். கூச்சமாகத்தான் இருந்தது. நான் தொடங்கிய முகாமில் எனக்கு எந்த மேசை என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் போகாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதல் முகாமுக்கு மூன்றே பிள்ளைகள் வந்தார்கள். சிஸ்டர் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் என்னிடம் வந்தார்.

“இனிமே உங்ககிட்ட ஒரு தரம் பார்க்குறீங்களான்னு கேக்க மாட்டேன் மேடம். நீங்க பார்க்காம போட மாட்டேன்னு சொல்லுவேன். சம்மதம்னா வர்றேன்.”

சம்மதம் என்றேன். அது எங்கள் இருவருக்குள் பேசிய பேச்சாக நிற்கக் கூடாது என்று அந்த இளைய மருத்துவர் அதைத் திட்டத்தின் விதியாகவே எழுதினார். ஊசி போடுகிறவர் நிறுத்து என்று சொன்னால் நிறுத்த வேண்டும், எந்த மருத்துவரும் அதை மீறக் கூடாது, காரணம் சொல்லத் தெரியவில்லை என்றாலும் நிறுத்த வேண்டும். சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னோம். படுக்க வைத்துப் போட்டோம், போட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க வைத்தோம். வால்வு மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு ஊசியை நிறுத்தி மாத்திரை கொடுத்து, வாரம் ஒருமுறை ஆள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்தோம். அவர்களை அறுவைச் சிகிச்சைக்கும் சீக்கிரம் அனுப்பினோம். ஒரு வருடம் ஆனது, பழைய வரிசை திரும்பி வருவதற்கு.

நான் பொறுப்பில் இல்லாத அந்தக் காலத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். எங்கள் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று ஒரு பத்தி உண்டு. முகாமுக்கு வருவதை விட்டவர்களின் பெயரை அதில் எழுதி மூடிவிடுவோம். கட்டுரை எழுதும்போது அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவோம். ரேவதி எங்கள் கண் முன்னால் இறந்ததால்தான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் இறந்திருந்தால் அவளும் அந்தப் பத்தியில்தான் இருந்திருப்பாள். இந்த எண்ணம் வந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் சிஸ்டரும் விடுமுறை நாட்களில் அந்தப் பத்தியில் இருந்த ஒவ்வொரு வீட்டையும் தேடிப் போனோம். சிலர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். சில பெண்களுக்குக் கல்யாணம் ஆகி, நோய் இருப்பதைப் புகுந்த வீட்டில் சொல்லாமல் இருந்தார்கள். சில வீடுகளில் பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. எத்தனை வீடுகள் என்பது கட்டுரையில் இருக்கிறது. அந்த எண்ணை எழுதிய பிறகு, அதுவரை நான் வெளியிட்டிருந்த முடிவுகளில் ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தினேன். வராதவர்களைத் தேடிப் போகாமல் வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால், நாம் செய்வதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

கலைவாணிக்கு அடுத்த சில வருடத்தில் வால்வு மாற்ற வேண்டிவந்தது. பிழைத்துக்கொண்டாள். இப்போது பெண்ணாடத்தில் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். விளையாட்டு வகுப்பில் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும், ஓட முடியாது. அந்த மூன்று ஊசி தவறாமல் இருந்திருந்தால் ஓடியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். கடிதத்தை எழுத நான் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு வாரமும் அதில் சேரும்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அதற்குள் சிஸ்டர் விருப்ப ஓய்வு வாங்கிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு வேலையில் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. குமராட்சிப் பக்கம் முகாம், நல்ல வெயில், நிறையக் கூட்டம். நான் வரிசையில் எல்லாரையும் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பெண் ஒருத்தியையும் பார்த்துத்தான் அனுப்பியிருந்தேன், ஒரு குறையும் இல்லை. அந்த நர்ஸ் பெண் என் மேசைக்கு வந்து, “மேடம், போட வேணாம்னு தோணுது” என்றாள். ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். இப்போதுதானே பார்த்தேன், இருபத்தெட்டு வருட அனுபவம், இவளுக்கு இரண்டு மாதம். அத்தனையும் மனதுக்குள் வந்து போனது. எழுந்து போனேன். அந்தப் பிள்ளையை மறுபடி படுக்க வைத்து, முதலிலிருந்து பார்த்தேன். மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், நெஞ்சுச் சத்தம். ராத்திரி எப்படிப் படுத்தாள் என்று அவள் அம்மாவைக் கேட்டேன். கையோடு கொண்டுபோகிற சிறிய எக்கோவையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. பிள்ளை நன்றாக இருந்தாள். ஊசிக்குப் பயந்து முகம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

நர்ஸ் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வராந்தாவில் நின்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி, “நிறுத்தினது சரி. நாளைக்கும் இப்படித் தோணுச்சுன்னா நிறுத்து” என்றேன். பிறகு அவளே அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டாள்.

இதற்கெல்லாம் ஆன நாற்பது நிமிடத்தில், வரிசையில் கடைசியாக நின்ற சிலருக்கு மினிபஸ் போய்விட்டது. அடுத்தது வரும்வரை அவர்களோடு நானும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன்.